குறிச்சொல்லை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி இதுதான்: 'ஆர்ட்டிகிள்', 'பிக்சர்', 'டயலாக்' போன்ற, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் புதிய உறுப்புகளைக் கொண்டு ஒரு தளத்தை எழுதினால், அவற்றை அறியாத பழைய உலாவிகளில் பக்கம் உடைந்துபோகுமா? அப்படி அஞ்சி எல்லாவற்றையும் பொதுக் கட்டமான 'டிவ்' உறுப்பாலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பா?

பெரும்பாலும் உடையாது. ஆனால் உடையும் இடங்களில் மிக மோசமாக உடையும். எது எந்த வகை என்று முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும். அதற்கு உலாவிப் பதிப்புகளின் அட்டவணையை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளாக இணையத்தைத் தாங்கிவரும் ஒரே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் போதும்.

அந்த விதி எழுத்து வடிவம் பெற்றது 1995 நவம்பரில். டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதிய எச்டிஎம்எல் 2.0 வரையறை, இணையத் தரநிலை ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 1866 என்ற எண்ணோடு அப்போது வெளிவந்தது. குறிச்சொல் என்பது ஓர் உறுப்பின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டக் கோண அடைப்புக்குள் எழுதும் பெயர். தெரியாத குறிச்சொல் வந்தால் அது அங்கே இல்லாதது போலவே உலாவி நடந்துகொள்ளவேண்டும் என்கிறது அது. குறிச்சொல்லுக்குள் எழுதும் கூடுதல் விவரத்துக்குப் பண்பு என்று பெயர். தெரியாத பண்புக்கும் அதே விதி: பண்பையும் அதன் மதிப்பையும் சேர்த்து விட்டுவிடவேண்டும். சி மொழியிலோ ஜாவாவிலோ புரியாத ஒரு சொல் வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். எச்டிஎம்எல் நிற்பதில்லை. குறிச்சொல்லை உதிர்த்துவிட்டு, அதன் உள்ளே இருக்கும் எழுத்தை வாசகருக்குக் காட்டிவிடுகிறது. அப்படிக் காட்டியதால்தான் ஒவ்வொரு புதிய உறுப்பும், உலகில் உள்ள அத்தனை உலாவிகளும் புதுப்பிக்கப்படும் நாளுக்குக் காத்திராமல், பிறந்த நாளிலேயே பயன்பாட்டுக்கு வர முடிந்தது.

ஆகவே எந்தப் புதிய உறுப்பைப் பார்த்தாலும் கேட்கவேண்டியது இதுதான்: தொடக்கக் குறிச்சொல்லையும் முடிவுக் குறிச்சொல்லையும் அழித்துவிட்டால், நடுவில் மிஞ்சுவது படிக்கிறவருக்குப் பயன்படுமா?

இந்தக் கேள்வியைப் பழைய உறுப்புகளிடமே கேட்டுப் பாருங்கள், எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று. 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் படத்துக்கான 'ஐஎம்ஜி' குறிச்சொல்லை முன்மொழிந்தார். மொசைக் உலாவி அதைப் பரப்பியது. அதற்கு முடிவுக் குறிச்சொல் கிடையாது. நடுவில் எதையும் வைக்க முடியாது. அழித்தால் மிஞ்சுவது வெறுமை. படத்துக்குப் பதிலாகக் காட்டவேண்டிய எழுத்தைத் தரும் 'ஆல்ட்' பண்பு இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அது 'ஐஎம்ஜி' என்றால் படம் என்று அறிந்தும் படத்தைக் காட்ட இயலாத உலாவிக்குத்தான் உதவும். குறிச்சொல்லே தெரியாத உலாவி பண்பை எங்கே பார்க்கப்போகிறது? 'ஐஎம்ஜி' பிழைத்தது அதன் அமைப்பால் அல்ல. எல்லா உலாவிகளும் விரைவிலேயே அதைக் கற்றுக்கொண்டதால்தான்.

அந்தப் பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் மறக்கவில்லை. 2004இல் ஆப்பிள், மேக் கணினிகளின் டாஷ்போர்டு என்ற சிறுசெயலித் திரைக்காக, நிரலால் படம் வரைய உதவும் 'கேன்வாஸ்' உறுப்பை உருவாக்கியபோது, அதையும் 'ஐஎம்ஜி' போலவே முடிவுக் குறிச்சொல் இல்லாததாக அமைத்திருந்தது. மொசில்லா அதைத் தன் ஃபயர்பாக்ஸ் உலாவியில் சேர்த்தபோது முடிவுக் குறிச்சொல்லைக் கட்டாயமாக்கியது. காரணம் மாற்று உள்ளடக்கம்தான். நடுவில் ஒரு அட்டவணையோ விளக்கப் பத்தியோ வைக்க இடம் கிடைத்தது. கேன்வாஸ் அறியாத உலாவி அதை எடுத்துக் காட்டும். ஒரே ஒரு முடிவுக் குறிச்சொல், எத்தனையோ வாசகர்களை வெறும் பக்கத்திலிருந்து காப்பாற்றியது. தரநிலை வேலை என்றால் சலிப்பூட்டும் வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

எதிர்த்திசையில் ஒன்று சொல்கிறேன். நிரலை வைக்கும் 'ஸ்கிரிப்ட்', தோற்ற விதிகளை வைக்கும் 'ஸ்டைல்' இரண்டும் வந்தபோது விதியே வினையானது. குறிச்சொல்லை உதிர்த்துவிட்டு உள்ளே இருப்பதைக் காட்டு என்றால், உள்ளே இருப்பது நிரல் அல்லவா? பழைய உலாவிகள் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளைப் பத்தி போலப் பக்கத்தில் கொட்டின. அதனால்தான் அந்தக் காலத்து நிரலாளர்கள் நிரல் முழுவதையும், உலாவி காட்டாமல் விடும் எச்டிஎம்எல் குறிப்புரைக்குள் பொதிந்து எழுதினார்கள். அந்தப் பழக்கத்தின் தடம் இன்றும் அழியவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில், எச்டிஎம்எல் குறிப்புரையின் தொடக்கக் குறியை ஒற்றை வரிக் குறிப்புரையாக ஏற்கவேண்டும் என்ற விதி உலாவிகளுக்காக இன்றும் இருக்கிறது. பழைய பக்கங்கள் ஓடவேண்டுமே!

எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு, பலர் கேள்விப்பட்டிராத 'ஆர்பி'. ஜப்பானிய எழுத்தில் காஞ்சி எழுத்துகளின் மேல் சிறிய எழுத்தில் உச்சரிப்பை எழுதும் வழக்கம் உண்டு. அதற்கான உறுப்பு 'ரூபி'. ரூபியை அறியாத உலாவியில் மூலச் சொல்லும் உச்சரிப்பும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகக் குழம்பும். அதைத் தடுக்க, உச்சரிப்பின் இரு பக்கமும் 'ஆர்பி' உறுப்புக்குள் ஒரு அடைப்புக்குறியை வைக்கிறார்கள். ரூபியை அறிந்த உலாவி அந்த அடைப்புக்குறியை மறைத்துவிடும், அறியாதது காட்டிவிடும், வாசகர் உச்சரிப்பை அடைப்புக்குள் படித்துக்கொள்வார். பழைய உலாவிக்காக மட்டுமே படைக்கப்பட்ட உறுப்பு அது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 1999இலேயே ரூபியைக் காட்டியது. ஃபயர்பாக்ஸ் 2015இல்தான் காட்டத் தொடங்கியது. அதுவரை ஃபயர்பாக்ஸ் வாசகர்கள் அடைப்புக்குறியோடு படித்தார்கள். யாருக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை.

இப்போது உங்கள் 'ஆர்ட்டிகிள்', 'செக்‌ஷன்', 'ஹெடர்', 'ஃபுட்டர்', 'நேவ்' குடும்பத்துக்கு வருவோம். 2005 டிசம்பரில் கூகுள் ஆய்வு ஒன்று நூறு கோடிக்கும் சற்று அதிகமான பக்கங்களைப் புரட்டி, மக்கள் 'கிளாஸ்' பண்பில் என்னென்ன பெயர் இடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஃபுட்டர், மெனு, ஹெடர், நேவ் எல்லாம் பட்டியலின் மேற்பகுதியிலேயே இருந்தன. எழுதுபவர்கள் ஏற்கெனவே 'டிவ்' மேல் ஒட்டிக்கொண்டிருந்த பெயர்கள்தான் பின்னர் உறுப்புகளாயின. ஆகவே இவற்றின் குறிச்சொல்லை அழித்தால் தலைப்பு தலைப்பாகவும் பத்தி பத்தியாகவும் அப்படியே இருக்கும். உள்ளடக்கத்தில் இழப்பு எதுவும் இல்லை.

தோற்றத்தில் மட்டும் ஒரு சிக்கல். தெரியாத உறுப்பை உலாவி வரியோடு வரியாகப் போகும் உறுப்பாகவே கொள்ளும். தனிக் கட்டமாகக் கொள்ளாது. பின்னணி நிறம், அகலம், விளிம்பு எல்லாம் கோணலாகும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அந்த உறுப்புகளைக் கட்டமாகக் காட்டும்படி ஒரே ஒரு விதி எழுதினால் அது சரியாகிவிடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 வரை 'மெயின்' உறுப்புக்கு இந்த ஒரு வரி தேவைப்பட்டது.

ஆனால் 8ஆம் பதிப்பும் அதற்கு முந்தியவையுமான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்களில் கதையே வேறு. அவை தெரியாத குறிச்சொல்லை உதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. தொடக்கக் குறிச்சொல்லைப் பிள்ளையில்லாத ஒரு வெற்று உறுப்பாக்கின. உள்ளே இருக்கவேண்டிய பத்திகளை அதன் அருகில் உடன்பிறப்புகளாக வைத்தன. முடிவுக் குறிச்சொல்லை, சாய்கோட்டோடு சேர்த்தே பெயராகக் கொண்ட இன்னொரு வெற்று உறுப்பாக்கின. உறுப்பு வெற்று, பத்திகள் வெளியே என்றால் 'ஆர்ட்டிகிள்' மீது எழுதிய சிஎஸ்எஸ் யாரைப் போய்ச் சேரும்? எழுத்து முழுவதும் தெரியும். தோற்றம் முழுவதும் போய்விடும்.

இதற்கான மருந்தைக் கண்டவர் ஷோர்ட் விஸ்ஸர். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பெயரில் ஒரே ஒரு உறுப்பை உருவாக்கினால் போதும், அதை ஆவணத்தில் சேர்க்கக்கூட வேண்டாம், அந்த நொடியிலிருந்து உலாவி அந்தப் பெயரை முறையான உறுப்பாக ஏற்றுக்கொள்ளும் என்று அவர் கவனித்தார். 2008 ஜனவரியில் ஜான் ரெசிக் இதைப் பற்றி எழுதி 'எச்டிஎம்எல்5 ஷிவ்' என்று பெயரிட்டார். மறு ஆண்டு ரெமி ஷார்ப் எல்லாப் பெயர்களையும் சேர்த்து ஒரு சிறு நிரலாக்கி வெளியிட்டார். அந்த நிரல் பக்கத்தின் முன்பகுதியான 'ஹெட்' பகுதியிலேயே ஓடியாகவேண்டும். உள்ளடக்கமான 'பாடி' படிக்கப்பட்ட பிறகு ஓடினால் பயனில்லை, ஏனெனில் உறுப்புகளைப் பெற்றோர், பிள்ளை என்று அடுக்கும் மரம் அதற்குள் தவறாகக் கட்டப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவருக்கு இந்த மருந்தும் இல்லை. அவர்களையும் காக்க நினைத்தவர்கள் 'ஆர்ட்டிகிள்' உள்ளே ஒரு 'டிவ்' வைத்து, சிஎஸ்எஸ்ஸை அந்த 'டிவ்' மீது எழுதினார்கள். அழகற்றது, ஆனால் உறுதியானது.

இந்த மருந்தின் பக்கவிளைவை நானே அனுபவித்தேன். 2012இல் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு நூல் விலைப்பட்டியல் பக்கம் எழுதிக்கொடுத்தேன். அங்கிருந்த கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பி. அதில் நிறுவக்கூடிய கடைசி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8ஆம் பதிப்புதான். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அச்சுக்குக் கொடுத்தபோது தாளில் வரிசை குலைந்து, நூற்பெயரும் விலையும் இடம் மாறிக் கிடந்தன. இரண்டு நாள் சிஎஸ்எஸ்ஸிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். பிழை அங்கே இல்லை. அச்சிடும்போது அந்த உலாவி ஆவணத்தைத் தனியாக ஒரு நகல் எடுக்கும்; நாம் சொல்லிக்கொடுத்த பெயர்கள் அந்த நகலுக்குத் தெரியாது. அச்சிடும் நேரத்தில் மட்டும் அந்த உறுப்புகளைத் தற்காலிகமாக மாற்றி, முடிந்ததும் பழையபடி வைக்கும் இன்னொரு வடிவம் ஷிவ்வுக்கு உண்டு என்பதை அப்போதுதான் கண்டேன். அன்றிலிருந்து பழைய உலாவியில் சோதிப்பதென்றால் அச்சிட்டும் பார்ப்பேன்.

ஃபயர்பாக்ஸ் 2இலும் ஒரு குறை இருந்தது. தெரியாத உறுப்புக்குள் பத்தி போன்ற கட்ட உறுப்பு வந்தவுடன் அந்த உறுப்பை அது மூடிவிடும். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ஆக, விதியை மீறியவை எல்லாம் ஒரே நிறுவனத்தின் உலாவிகள் என்று சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு தோல்வியையும் நினைவுகூரவேண்டும். அதே காலகட்டத்தில் இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 'எக்ஸ்எச்டிஎம்எல் 2' என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தது. கட்டமைப்பில் தூய்மையானது, சில யோசனைகள் இன்று பார்த்தாலும் கவர்ச்சியானவை. எந்த உறுப்பையும் இணைப்பாக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் பழைய பக்கங்களோடும் பழைய உலாவிகளோடும் ஒத்துப்போவதை அது தன் கடமையாகக் கொள்ளவில்லை. ஆப்பிள், மொசில்லா, ஓபரா மூன்றையும் சேர்ந்தவர்கள் 2004 ஜூனில் தனியாக டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி குழுவை அமைத்து, இருக்கும் இணையத்தின் மேலேயே கட்டத் தொடங்கினார்கள். 2009இல் டபிள்யூ3சி எக்ஸ்எச்டிஎம்எல் 2 குழுவை அந்த ஆண்டோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2014 அக்டோபர் 28 அன்று எச்டிஎம்எல்5 முழுப் பரிந்துரையானது. வென்றது அழகான மொழி அன்று, பழையதைக் கைவிடாத மொழி.

'வீடியோ' உறுப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. 'வீடியோ' குறிச்சொற்களுக்கு நடுவில் எழுதும் மாற்று எழுத்து, படம் ஓடாவிட்டால் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. 'வீடியோ' என்ற உறுப்பையே அறியாத உலாவியில் மட்டும்தான் அது தெரியும். உறுப்பை அறிந்து, கோப்பின் வகையை மட்டும் அறியாத உலாவியில் ஓடாத வெற்றுப் பெட்டிதான் நிற்கும். 2009இல் இது நேரடியாகவே கடித்தது: ஃபயர்பாக்ஸ் 3.5 தியோரா என்ற காணொளி வகையை ஓட்டும், எச்.264 என்ற வகையை ஓட்டாது, சஃபாரி நேர்மாறு. அதனால்தான் உள்ளே ஒவ்வொன்றும் ஒரு கோப்பைச் சுட்டும் பல 'சோர்ஸ்' உறுப்புகளை வரிசையாக வைத்து, உலாவி தனக்கு இயன்றதைத் தேர்ந்துகொள்ளும் அமைப்பு தேவைப்பட்டது. பதிவிறக்க இணைப்பை உள்ளே வைப்பதோடு நிற்காமல் வெளியேயும் ஒன்று வையுங்கள்.

'பிக்சர்' உறுப்புக்கு வந்தால், இந்தத் துறையின் மிக நேர்த்தியான வடிவமைப்பு என்று அதையே சொல்வேன். திரையின் அகலத்துக்கேற்ப வேறு வேறு படம் தரவேண்டும். அதே வேளையில் பழைய உலாவியில் ஏதாவது ஒரு படம் தெரியவேண்டும். எனவே 'பிக்சர்' படத்தைக் காட்டுவதில்லை. உள்ளே வழக்கமான 'ஐஎம்ஜி' ஒன்று இருந்தாகவேண்டும், காட்டுவது அதுதான். 'பிக்சர்' அதற்கு எந்தக் கோப்பு என்று யோசனை சொல்வதோடு சரி. குறிச்சொல்லை அழியுங்கள்: 'ஐஎம்ஜி' மிஞ்சும், 'ஆல்ட்' மிஞ்சும், படம் மிஞ்சும். குரோம் 2014இலும் ஃபயர்பாக்ஸ் 2015இலும் இதை ஏற்றன. இன்று வெப்பி, ஏவிஃப் போன்ற புதிய பட வடிவங்களைப் பயன்படுத்தி, அறியாதவர்களுக்கு ஜேபெக் கொடுப்பதும் இதே வழியில்தான்.

'இமேஜ்' என்று நேரடியாகப் பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்டால், அந்தப் பெயர் ஏற்கெனவே பறிபோய்விட்டது. 'ஐஎம்ஜி' என்பதற்குப் பதில் 'இமேஜ்' என்று தவறாக எழுதியவர்களுக்காக, உலாவிகள் அதைச் சத்தமில்லாமல் 'ஐஎம்ஜி'யாக மாற்றிவந்தன. எச்டிஎம்எல் தரநிலையிலும் அது ஏறிவிட்டது. அந்த விதியின் அருகில் அடைப்புக்குள் 'கேட்காதீர்கள்' என்ற பொருளில் இரண்டே சொற்களை எழுதியிருக்கிறார்கள்.

'சோர்ஸ்' போன்ற வெற்று உறுப்புகளில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முடிவுக் குறிச்சொல் தேவையில்லை என்பது அந்த உறுப்பை அறிந்த உலாவிக்குத்தான் தெரியும். அறியாத உலாவி அதைத் திறந்த உறுப்பாகவே கொண்டு, மூடுவதற்காகக் காத்திருக்கும். பின்னால் வருவதெல்லாம் அதன் பிள்ளையாகிவிடும். 'பிக்சர்' உள்ளே இரண்டு 'சோர்ஸ்', ஒரு 'ஐஎம்ஜி' இருந்தால், பழைய உலாவியில் 'ஐஎம்ஜி' கொள்ளுப்பேரனாகப் போய் உட்கார்ந்திருக்கும். படம் தெரியும். ஆனால் 'பிக்சர்' உறுப்பின் நேர்ப் பிள்ளையான 'ஐஎம்ஜி' என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருந்தால் அந்த விதி பொருந்தாது. புதிய குறிச்சொல்லின் கடைசியில் சாய்கோடு இட்டு மூடிவிட்டதாக நினைப்பதும் பயன் தராது; எச்டிஎம்எல் அந்தச் சாய்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை.

படிவங்களில் வேறு உத்தி. புதிய உறுப்புக்குப் பதில் 'இன்புட்' உறுப்பின் 'டைப்' பண்புக்குப் புதிய மதிப்புகளைச் சேர்த்தார்கள்: மின்னஞ்சல், தேதி, எண், தேடல். தெரியாத மதிப்பு வந்தால் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் கொள் என்பது பழைய விதி. ஆகவே மின்னஞ்சல் பெட்டி கைபேசியில் ஏற்ற விசைப்பலகையைத் திறக்கும். மிகப் பழைய உலாவியில் எழுத்துப் பெட்டியாக நிற்கும். நட்டம் இல்லை. தேதிப் பெட்டியில்தான் எச்சரிக்கை வேண்டும். அறிந்த உலாவி 2024-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் மட்டுமே அனுப்பும். அறியாத உலாவியில் பயனர் தம் பழக்கப்படி 9/3/2024 என்று அடித்துவிடுவார். வழங்கி (சர்வர்) அதை மார்ச் 9 என்று கொள்வதா, செப்டம்பர் 3 என்று கொள்வதா? கணினித் திரையில் சஃபாரி தேதிப் பெட்டியைக் காட்டத் தொடங்கியதே 2021இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அருகே வடிவத்தை எழுதி வையுங்கள். வழங்கியில் கட்டாயம் சரிபாருங்கள். உலாவிக்குத் தெரியுமா என்று அறிய ஒரு எளிய வழி: ஜாவாஸ்கிரிப்டில் 'இன்புட்' ஒன்றை உருவாக்கி அதன் வகையைத் தேதி என்று அமைத்துத் திரும்பப் படியுங்கள். 'டெக்ஸ்ட்' என்று பதில் வந்தால் அந்த உலாவிக்குத் தெரியாது.

சொடுக்கினால் விரியும் பகுதியை அமைக்கும் 'டீட்டெயில்ஸ்' உறுப்பு எந்தக் கவலையும் இன்றிப் பயன்படுத்தத்தக்கது. ஃபயர்பாக்ஸ் அதை 2016இல்தான் ஏற்றது. அதுவரை அதன் உள்ளடக்கம் மடங்காமல் விரிந்தே தெரிந்தது. மறைந்திருக்கவேண்டியது தெரிந்தால் பக்கம் நீளும், அவ்வளவுதான்.

உரையாடல் பெட்டியை அமைக்கும் 'டயலாக்' அப்படிப்பட்டது அல்ல. இதைத்தான் மோசமாக உடையும் வகையில் முதலில் வைப்பேன். குரோம் 2014இலேயே இதைக் கொண்டுவந்தது. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில்தான் ஏற்றன. எட்டு ஆண்டு இடைவெளி! அறியாத உலாவியில் குறிச்சொல்லை அழித்துப் பாருங்கள்: 'இந்தப் பதிவை நிச்சயமாக அழிக்கவேண்டுமா?' என்ற வரியும் 'ஆம்', 'இல்லை' பொத்தான்களும் பக்கத்தின் நடுவில், கேட்பாரின்றி எப்போதும் நிற்கும். அழிக்கும் பொத்தானை அழுத்தினாலோ, உரையாடலைத் திறக்கும் செயற்கூறு இல்லாததால் ஜாவாஸ்கிரிப்ட் பிழையில் நின்றுவிடும். இரண்டு வரியில் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம். 'ஓபன்' பண்பு இல்லாத 'டயலாக்' உறுப்பை மறை என்று சிஎஸ்எஸ் எழுதுங்கள்; பழைய உலாவிக்கும் இது புரியும். திறக்கும் செயற்கூறு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 'ஓபன்' பண்பை நீங்களே சேருங்கள். பின்னணி மங்குவதும், விசைப்பலகைக் குவியம் உள்ளேயே நிற்பதும் கிடைக்காது. ஆனால் கேள்வி வரும், பதில் சொல்ல முடியும்.

ஒரு பெட்டியை மறைத்து வைத்து, கேட்டால் பக்கத்தின் மேல் காட்டும் 'பாப்ஓவர்' பண்பும் இதே இனம். அறியாத உலாவி பண்பை விட்டுவிடும். மறைந்திருக்கவேண்டிய பெட்டி திறந்தே கிடக்கும். உள்ளே இருப்பது உதவிக் குறிப்பு என்றால் பரவாயில்லை. முழுத் தெரிவுப் பட்டியல் என்றால் பக்கத்தின் தலையில் ஏறி உட்காரும்.

2023இல் சேர்ந்த 'சர்ச்' உறுப்பு எளியது. தேடல் பெட்டியைச் சுற்றி எழுதுவது. அறியாத உலாவியில் உள்ளே இருக்கும் படிவம் அப்படியே வேலை செய்யும். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் இழப்பு உண்டு: 'இது தேடல் பகுதி' என்ற அறிவிப்பு போய்விடும். எனவே உள்ளே இருக்கும் படிவத்துக்கு 'ரோல்' பண்பில் தேடல் என்று எழுதும் பழைய முறையையே இன்னும் சில காலம் கைக்கொள்ளலாம். பார்வையற்றோர் புதிய கணினியும் புதிய உலாவியும் வைத்திருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, புதிய உறுப்பு பார்சரின் நடத்தையையே மாற்றும்போதுதான். எழுத்தை மரமாக்கும் பகுதி அது. மூடாத பத்தி ஒன்றின் பின்னால் 'செக்‌ஷன்', 'டயலாக்', 'சர்ச்' வந்தால், அறிந்த பார்சர் பத்தியைத் தானே மூடிவிடும். அறியாத பார்சர் புதிய உறுப்பைப் பத்திக்குள்ளேயே வைக்கும். ஒரே எழுத்து, இரு வேறு மரங்கள். பத்திகளின் முடிவுக் குறிச்சொல்லை விடாமல் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் பெரிய உதாரணம், தெரிவுப் பட்டியலை அமைக்கும் 'செலக்ட்'. அதன் தெரிவுகளுக்குள் எழுத்தைத் தவிர எதை வைத்தாலும் பார்சர் எறிந்துவிடும் என்பதே நெடுங்கால வழக்கம். 2025இல் குரோம் 135ஆம் பதிப்பு இதைத் தளர்த்தி, தெரிவுகளுக்குள் படம் வைக்க இடம் கொடுத்தது. பழைய உலாவியில் படக் குறிச்சொல் உதிரும், எழுத்து மட்டும் நிற்கும். ஆகவே நாட்டுக் கொடியை மட்டும் வைக்காதீர்கள். நாட்டின் பெயரையும் எழுதுங்கள். கொடி மட்டும் இருந்தால் பழைய உலாவியில் வெற்றுத் தெரிவுதான் மிஞ்சும்.

தமிழில் குறிச்சொல் எழுதினால் என்ன ஆகும் என்று மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு. அது உதிராது. கோண அடைப்பை அடுத்து ஆங்கில எழுத்து வந்தால்தான் பார்சர் அதைத் தொடக்கக் குறிச்சொல்லாகவே கொள்ளும். தமிழ் எழுத்து வந்தால் கோண அடைப்போடு சேர்த்து எல்லாமே எழுத்தாகப் பக்கத்தில் தெரியும். நாமே உருவாக்கும் தனிப்பயன் உறுப்புகளில் முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாகவும், பெயரில் ஒரு சிறுகோடும் இருந்தால், மீதியைத் தமிழில் எழுதத் தடையில்லை.

பழைய தமிழ்ப் பக்கங்களையும் இங்கே சொல்லவேண்டும். திஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் 'ஃபாண்ட்' உறுப்பால் எழுத்துரு பெயர் சொல்லி எழுதப்பட்ட பக்கங்களை இன்று திறந்தால் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் தெரிகின்றன. உலாவி 'ஃபாண்ட்' உறுப்பைக் கைவிட்டதுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. 1997இலேயே தவிர்க்கச் சொல்லப்பட்ட அந்த உறுப்பை இன்றைய உலாவிகளும் மதிக்கின்றன. இல்லாமல் போனது எழுத்துரு, உறுப்பு அல்ல. ஒருங்குறிக்கு மாற்றினால் அந்தப் பக்கங்கள் மீண்டும் படிக்கக் கிடைக்கும்.

உங்கள் தளத்தைச் சோதிக்கப் பழைய கணினியைத் தேடி அலையவேண்டாம். பக்கத்தின் நகல் ஒன்றை எடுத்து, சந்தேகமான ஒவ்வொரு புதிய குறிச்சொல்லின் பெயருக்குப் பின்னாலும் ஓர் எண்ணைச் சேருங்கள். 'டயலாக்' என்பது 'டயலாக்1' ஆகட்டும். சிஎஸ்எஸ்ஸிலும் அதே பெயரை மாற்றுங்கள், ஏனென்றால் அறியாத உறுப்பு மீதும் சிஎஸ்எஸ் செல்லும். புதிய பண்புகளின் பெயரையும் இப்படியே கெடுங்கள். இப்போது உங்கள் புத்தம்புதிய உலாவியே அந்த உறுப்புகளைப் பொறுத்தவரை பழைய உலாவியாகிவிட்டது. பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே படியுங்கள். ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள். ஒரு தடவை அச்சிடுங்கள். படிக்க முடிந்து, அனுப்பவும் முடிந்தால் 'டிவ்'களுக்குத் திரும்பவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. முடியாத இடம் எது என்று தெரிந்துவிட்டால், திருத்தவேண்டியது அந்த ஓர் இடத்தை மட்டும்தான்.